பழைய அலமாரிக்கு அடுக்கு பெயின்ட்: தேய்மானத்தை எங்கே விட வேண்டும்

நல்ல தேக்கு, ஆயினி, பலாவில் செய்த சாமான் என்றால் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம், பாலிஷ் போதும். ரப்பர் மரம், பிளைவுட், ஏற்கெனவே எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) அடித்து ஒட்டுப்போட்ட பெஞ்சு, அலமாரி போன்றவைதான், மூன்று நிறத்தை அடுக்காக அடித்து, கை படும் இடங்களில் தேய்த்து அடிநிறம் தெரிய வைக்கும் இந்த வேலைக்கு ஏற்றவை.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். எனவே தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்து வீட்டுச் சாமான் என்றால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து ஒரு நாள் உலர விடுங்கள். மரத்தில் படிந்த உப்பு ஈரத்தை இழுக்கும், பெயின்ட் கொப்பளித்து வரும். துருப்பிடித்த ஆணித் தலைகளைத் தேய்த்து ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் பிரைமர்) வைக்காவிட்டால் வெள்ளைப் பெயின்டில் செம்பழுப்புப் புள்ளி எழும்பும். மரத்தைத் தட்டும்போது சின்ன ஓட்டைகளிலிருந்து புது மாவு கொட்டினால் பூச்சி உள்ளே இருக்கிறது. சிரிஞ்சில் மரப் பூச்சிமருந்து ஏற்றி, மாவு நின்ற பிறகு பட்டி வையுங்கள்.

வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைக்கும் உப்புத்தாள்) நனைத்து, முகக்கவசத்தோடு தேயுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தேய்ப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாக வேண்டும். முதலில் 120, பிறகு 220 நம்பர் தாள். எனாமலின் பளபளப்பு முழுக்கப் போகாவிட்டால் மேலே அடிக்கும் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) நகம் பட்டாலே உரியும்.

பழைய எனாமல் போய் வெறும் மரம் தெரிகிற இடம் பலாவோ தேக்கோ என்றால் அதன் சாயம் எமல்ஷனில் ஊறி மஞ்சளாகவும் பழுப்பாகவும் மேலே வரும். இரண்டு கோட் கூடுதலாக அடித்தாலும் நிற்காது. மெழுகு நீக்கிய அரக்கு 100 கிராமை அரை லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் ஒரு இரவு கரைத்து அந்த இடத்தில் இரண்டு கை பூசுங்கள். மழை நாளில் பூசினால் வெள்ளை பூத்துவிடும். பிறகு பிரைமர்.

இனி அடுக்கு. அடியில் கரும்பழுப்பு, நடுவில் பச்சை, மேலே தந்த வெள்ளை என்று வையுங்கள். ஐந்தடி உயரம், மூன்றடி அகல அலமாரிக்கு வெளிப்புறம் மட்டும் ஏறத்தாழ 35 சதுர அடி வரும். ஒரு கோட்டுக்கு 350 மில்லி வரை எமல்ஷன் பிடிக்கும். பழுப்பு காய்ந்ததும் மெழுகுவர்த்தியை எடுத்துத் தேய்மானம் வர வேண்டிய இடங்களில் அழுத்தித் தேயுங்கள். பச்சைக்குப் பிறகும் அப்படியே. மெழுகின்மேல் பெயின்ட் பிடிக்காது, மேல் வெள்ளை காய்ந்தபின் உப்புத்தாள் பட்டதும் அங்கே கழன்று அடிநிறம் தெரியும்.

இந்த இடங்களைத் தேர்வதில்தான் வேலையின் அழகு இருக்கிறது. பலர் எல்லா ஓரத்தையும் ஒரே அளவில் தேய்த்துவிடுகிறார்கள், பார்த்ததும் பொய் தெரிந்துவிடும். அலமாரி பழகுவது கை படும் இடத்தில். பிடியைச் சுற்றி ஒரு கையகலம், அதுவும் விரல் உரசும் கீழ்ப்பக்கத்தில் அதிகம். கதவு சாத்தும் விளிம்பின் நடுப்பகுதி. துடைப்பம் இடிக்கும் கால்கள். பிடிக்கு அருகில் பழுப்புவரை இறங்குங்கள், சற்றுத் தள்ளிப் பச்சையோடு நிறுத்துங்கள். மேல்தட்டின் பின்விளிம்பையும் கதவின் மேல்மூலையையும் தொடவே வேண்டாம்.

பழைய பெயின்ட் போல வெடிப்பு வேண்டுமானால், வெள்ளை அடிக்கும்போது ஒரு பலகையில் மட்டும் செய்யுங்கள். காய்ந்த நடுநிறத்தின்மேல் ஃபெவிகால் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும்போது மேல்நிற எமல்ஷனை ஒரே இழுப்பில் அடியுங்கள். திரும்ப இழுத்தால் பசை கலங்கி, வெடிப்பு வராமல் குழம்பும். பசை கனமானால் வெடிப்பு பெரிதாகும். எனாமலில் இது நடக்காது.

தேய்த்து முடிந்ததும் டர்பன்டைன் லேசாகத் தொட்ட துணியால் மிச்ச மெழுகைத் துடைத்துவிட்டு, டர்பன்டைனில் கலக்கும் மேட் பாலியூரித்தேன் (பளபளப்பில்லாத வார்னிஷ்) ஒரு கோட் அடியுங்கள். ஃபெவிகால் ஈரத்தில் இளகும் என்பதால் நம் ஊர்க் காற்றுக்கு வெறும் மெழுகுப் பூச்சு காணாது. மறுநாள் பழுப்பு எனாமல் 1 பங்கு, டர்பன்டைன் 3 பங்கு கலந்து, பழைய அழுக்கு போலத் தெரிய இடுக்குகளில் தடவி உடனே துடையுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டாம் கோட் மேட்.

கதவை ஒரு வாரமாவது சாத்தாமல் வையுங்கள். எமல்ஷன் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக நாளாகும். முன்பே சாத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது மூன்று நிறமும் சேர்ந்தே உரிந்து வரும்.