10 ரூபாய் நோட்டு காட்டிக்கொடுத்த ஃப்ரிட்ஜ்

போன கோடையில் எங்கள் கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு. 500ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஏசி இல்லாத வீட்டில் இது எப்படி?

ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கியது. சாதாரண ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒரு மணி நேரமாகியும் சத்தம் நிற்கவேயில்லை.

கதவு இறுக மூடுகிறதா என்று தெரிய, கதவிடுக்கில் 10 ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேலே இறுக்கமாக நின்றது, கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவைச் சுற்றி இருக்கும் கேஸ்கெட் ரப்பரின் மடிப்பில் இட்லி மாவு காய்ந்து ஒட்டிக்கிடந்தது. (சட்டி வழிய மாவை ஊற்றி வைப்பது நான்தான், அது வேறு கதை.) சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். அப்புறம் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வளைந்த இடத்தில் ஒற்றி, ரப்பர் இளகியதும் விரலால் நீவி நேராக்கினேன். மறுபடி வைத்த நோட்டு அசையவில்லை. சுவரோடு ஒட்டி நின்ற ஃப்ரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்தும் வைத்தேன்.

அடுத்த ரீடிங் 430. சரி, வெயிலும் கொஞ்சம் தணிந்திருந்தது. முழுப் பெருமையும் கேஸ்கெட்டுக்கு இல்லை.