மூப்பரைத் தெரிந்தெடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மூப்பர் என்பவர் கிறிஸ்தவ சபையை மேய்த்து நடத்தும் பொறுப்பில் இருப்பவர். அவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதுதான் சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் நான் அதிகம் பார்த்த தவறு. முப்பது வருஷமாக வருகிறார், காணிக்கை தாராளமாகக் கொடுக்கிறார், பெரிய வேலையில் இருந்தவர்; சரி, அவரையே வைத்துவிடலாம் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. வேதாகமத்தில் பவுலின் நிருபங்களான 1 தீமோத்தேயு 3, தீத்து 1 இரண்டையும் எடுத்து வாசியுங்கள். வயதும் சம்பளமும் அங்கே இல்லை. குடிவெறி கூடாது, சண்டை கூடாது, பண ஆசை கூடாது, சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்த வேண்டும் என்று கிட்டத்தட்ட எல்லாமே குணத்தைப் பற்றித்தான். திறமை என்று பார்த்தால் போதிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் நாம் தாண்டிப் போகும் ஒன்று, 'அந்நியரை உபசரிக்கிறவன்'. வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுமுறை கிடைத்து, வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் டார்மிட்டரியிலிருந்து பஸ் மாறி மாறி ஆராதனைக்கு வரும் தம்பியை நினைத்துப் பாருங்கள். அவனைத் தன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, ஊரில் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்கிறவர் யார்? அவன் கையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவர் யார்? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்கிறார் யாக்கோபு. கூப்பிட்டால் வருகிற ஆளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படிப்பட்டவர் ஏற்கெனவே, எந்தப் பட்டமும் இல்லாமல், அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார். அவரைத் தேடுங்கள்.

அடுத்தது அதிகாரம். அப்போஸ்தலர் 20-இல் எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கும் பவுல், அவர்களையே 'கண்காணிகள்', அதாவது மேற்பார்வை செய்கிறவர்கள், என்கிறார். 1938 வரை மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணிகளின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லே கொஞ்சம் உறுத்தும். சில மூப்பர்கள் தோட்டத்துக் கங்காணி மாதிரியே நடப்பதையும் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். பேதுருவோ தன்னை 'உடன்மூப்பன்' என்று சொல்லிக்கொண்டு, இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரியாக இருக்கச் சொல்கிறார்.

செயற்குழுவையும் மூப்பரையும் ஒன்றாகப் பார்ப்பதும் தவறு. சங்கமாகப் பதிவான சபைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேவைதான். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு ஆத்துமாக்களை மேய்க்கவும் தெரியும் என்று சொல்ல முடியாது. அப்புறம், மூப்பரை நியமிக்கும் முறை சபைக்குச் சபை வேறு. மெதடிஸ்டு சபையில் நடப்பதைப் பிரதரன் சபையில் எதிர்பார்க்காதீர்கள்.

அவசரமும் வேண்டாம். ஒரு மூப்பர் வேலை மாறி ஊருக்குப் போய்விட்டால் அந்த மாதமே இடத்தை நிரப்பப் பார்க்கிறோம். புதிய சீஷன் கூடாது, சீக்கிரமாய்க் கைகளை வைக்காதே (அவசரப்பட்டு யாரையும் பொறுப்பில் ஏற்படுத்தாதே) என்று பவுல் சொன்னது இதற்குத்தான். இடம் காலியாகவே இருக்கட்டும்.

மூப்பர்மேல் புகார் வந்தால் இரண்டு பக்கமும் தவறுகிறோம். வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதியதை வைத்தே தீர்ப்புச் சொல்கிறோம், இல்லையென்றால் பெரியவர் என்று மூடி மறைக்கிறோம். 1 தீமோத்தேயு 5 இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. அடுத்த வசனமோ, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது.