குடோன் தேடும் முன் சரக்கைப் பிரியுங்கள்

கோவையில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் கடைகளுக்கு இருப்புக் கணக்குப் பார்ப்பது என் தொழில். புதிதாக குடோன் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் பேசுவது சதுர அடி வாடகையைப் பற்றித்தான். நான் கேட்பது போன ஆண்டின் விற்பனைப் பட்டியலை. எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று தெரியாமல் இடம் பார்ப்பது வீண் அலைச்சல்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு விற்பனை அளவைக் கொள்முதல் விலையால் பெருக்குங்கள். உதாரணமாக, காப்பர் வயர் 600 கிலோ, கிலோ 1,000 ரூபாய்: 6 லட்சம். பேரிங் 2,000, தலா 120 ரூபாய்: 2.4 லட்சம். இம்பெல்லர் 300, தலா 400: 1.2 லட்சம். கெபாசிட்டர் 500, தலா 80: 40 ஆயிரம். வாஷர் 20,000, தலா ஒரு ரூபாய்: 20 ஆயிரம். மொத்தம் 10.2 லட்சம். அதில் வயரும் பேரிங்கும் மட்டுமே 82 சதவீதம். இவை ‘ஏ’. இம்பெல்லர் ‘பி’. மற்றவை ‘சி’. 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து பரவிய முறை இது. இன்றும் இதைவிட எளிதான ஒன்றை நான் பார்க்கவில்லை.

‘ஏ’ சரக்கைப் பூட்டிய அறையில் வையுங்கள், வாரந்தோறும் எடை போடுங்கள், குறைவாக, அடிக்கடி வாங்குங்கள். செம்பு விலை ஏறும் என்று ஜோசியம் பார்த்துக் குவிக்காதீர்கள். வாஷருக்கு இந்தப் பாடு வேண்டாம். இரண்டு டப்பா போதும்; ஒன்று காலியானால் ஆர்டர் போடுங்கள்.

பணத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் கெபாசிட்டர் கடைசி வரிசைக்குப் போய்விடும். ஆனால் அது பழுதானால் சிங்கிள் பேஸ் மோட்டார் கிளம்பாது. கோடையில் பயிர் வாடும்போது ‘நாளைக்கு வாருங்கள்’ என்று விவசாயியிடம் சொல்ல முடியுமா? அதனால் பட்டியலில் இன்னொரு கட்டம் போட்டு, இல்லாவிட்டால் வேலை நிற்குமா, தாமதமாகுமா, ஒன்றும் ஆகாதா என்று குறியுங்கள். முதல் வகை, விலை எதுவானாலும், தீரவே கூடாது.

இனி இடம். இங்கே பார்க்க வேண்டியது எடையை. சரக்கு கோவைக்கு மாதம் 10 டன், 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொள்ளாச்சிக்கு 6, சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள உடுமலைக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். பாடப் புத்தகத்தில் வரும் ஈர்ப்பு மையக் கணக்கை, அதாவது ஒவ்வொரு ஊரின் எடையையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுப்பதை, போட்டால் கோவையிலிருந்து 26ஆவது கிலோமீட்டர், கிணத்துக்கடவுப் பக்கம், விடையாக வரும். உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அங்கே வைத்தாலும் 520 டன்-கிலோமீட்டர் (டன்னை அது போகும் தூரத்தால் பெருக்கியது), கோவையில் வைத்தாலும் 520, பொள்ளாச்சியிலும் அதேதான். பெருக்கிப் பாருங்கள். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே எங்கே வைத்தாலும் விநியோகச் செலவு மாறாது. மாறுவது உள்ளே வரும் சரக்கின் லாரி வாடகை. அந்த 20 டன்னும் கோவை பவுண்டரிகளிலிருந்து வருவதானால், 26 கிலோமீட்டர் தள்ளிப் போவதற்கு இன்னொரு 520 சேரும். குறையும் குடோன் வாடகை இதை ஈடுகட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

எடை அதிகம், பணம் குறைவு என்றிருக்கும் வார்ப்புப் பாகங்கள் மலிவான இடத்துக்குப் போகட்டும். வயரும் பேரிங்கும் கெபாசிட்டரும் மெக்கானிக் வந்து போகும் நகரக் கடையிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைக்க வேண்டும் என்பதெல்லாம் வெறும் பிடிவாதம்.

இரண்டு மூன்று இடங்கள் தேறினால் மதிப்பெண் போடுங்கள்: வாடகைக்கு 30, லாரி வசதிக்கு 25, ஆள் கிடைப்பதற்கு 20, பாதுகாப்புக்கு 15, மழைநீர் தேங்காமைக்கு 10 என்பதுபோல. இந்தப் பங்கீட்டை இடம் பார்க்கப் போகும் முன்பே எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்த இடமே ஜெயிக்கும். மைத்துனரின் இடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு லாரி ஓட்டுநரைக் கூட்டிப் போங்கள். வண்டி உள்ளே திரும்புமா, மின்கம்பி இடிக்குமா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்.