எண்டோமெட்ரியோசிஸ்: இறுக்கம் விட்டதும் குறைந்த வலி

எண்டோமெட்ரியோசிஸுக்காக எனக்கு லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) முடிந்து மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அடிவயிற்று இழுப்பு விடவில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வதுதான் இந்த நோய். பயிற்சி அதைக் கரைக்காது. ஆனால் வலிக்குப் பயந்து பயந்தே, கர்ப்பப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள் இறுகிவிடுமாம், அந்த இறுக்கமே தனி வலியாம்.

"கீகல் பண்ணட்டுமா மேடம்?" என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். அந்தத் தசைகளை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சிதான் கீகல்.

"ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறதை இன்னும் ஏம்மா இறுக்கணும்? முதல்ல விடப் பழகு."

மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்காலுக்கு அடியில் தலையணை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கைதான் எழ வேண்டும். கூடவே ஆசனவாய்ப் பக்கம் லேசாகத் தளர்ந்து இறங்கும். இது பிடிபடவே நாளாயிற்று. பிறகுதான் பாலாசனம் (மண்டியிட்டு முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் ஆசனம்), மாலை நடை எல்லாம்.

மாதவிடாய் நாட்களில் மூச்சுப் பயிற்சியும் வெந்நீர்ப் பையும் மட்டும். வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். 'பல்லைக் கடித்துக்கொண்டு செய்' என்கிற ஜிம் உபதேசம் இங்கே ஆகாது.

மாதாந்திர வலி இன்னும் வருகிறது, மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் மலம் கழிக்கும்போது உயிர்போகிற குத்தல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆபீஸ் நாற்காலியில் நெளியாமல் உட்கார முடிகிறது.