மாடியில் மீனும் கீரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தெரிந்தவர்கள் யாராவது அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரை ஜல்லியில் வளரும் செடிகளுக்குப் பாய்ச்சி, மறுபடி தொட்டிக்கே திருப்பும் முறை) தொடங்கினால் போய்ப் பார்ப்பது வழக்கம். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள்தான் அங்கேயும். தீனியை அள்ளிப் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

தொட்டி நிறைந்த அன்றே மீன் விடுவது

எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது, எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆதம்பாக்கத்தில் ஒரு குடும்பம், 500 லிட்டர் தொட்டியில் முதல் நாளே நூறு ரோகு குஞ்சுகளை விட்டது. சில நாளில் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள் கன்றிச் சிவந்திருந்தது. "தண்ணீர் பளிங்கு மாதிரிதானே சார் இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. பதறிப்போய்க் குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்துவிட்டார்கள். மிச்சத்தைக் குளோரின் முடித்தது.

மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். செடிக்கு உணவு அந்த நைட்ரேட்தான். இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நம் ஊர் வெப்பத்திலும், பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தாண்டும் போர் தண்ணீரிலும் அம்மோனியாவின் கடுமை இன்னும் கூடும்.

அதனால் முதலில் மீன் இல்லாமலே ஓட்டுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்கள். நன்றாக ஓடும் தொட்டி யாரிடமாவது இருந்தால் ஒரு சட்டி ஜல்லி கேட்டு வாங்கிக் கலந்துவிடுங்கள். சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கி, நைட்ரேட் தெரிந்தால் சரி, குஞ்சு வாங்கலாம். அப்போதும் பத்துப் பதினைந்துதான். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள்.

மாடியின் தாங்குதிறன்

1000 லிட்டர் தண்ணீர் என்றால் 1 டன். ஜல்லி தனி. பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

ஜல்லி

வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், பிஹெச்சை ஏற்றிவிடும், வேண்டாம்.

மின்வெட்டு

பேட்டரி ஏர் பம்பு வாங்கிய பிறகே மீன்.

பூச்சி மருந்து

செடியில் தெளிப்பது அப்படியே தொட்டிக்கு வந்துவிடும். இயற்கைதானே என்று வேப்பெண்ணெய் அடிக்கிறார்கள். அதுவும் மீனுக்கு ஆகாது. அசுவினிப் பூச்சி வந்தால் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.