சுட்ட நீலமா, சுடாத நீலமா? லூப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

இலங்கையின் இரத்தினபுரி நீலக்கல்லைக் காட்டி "இது சுடாதது", அதாவது நிறமேற்றச் சூளையில் வைக்காதது என்று யாராவது சொன்னால், நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சூளையில் மாற்றுவதே நிறத்தைத்தான். நான் எந்தக் கல்லை எடுத்தாலும் அதற்குள் சிக்கியிருக்கும் பிற பொருள்களைத்தான் முதலில் தேடுவேன்.

நீலம் என்பது குருந்தம், அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் இரும்பும் டைட்டானியமும் அடுத்தடுத்து அமர்ந்தால் நீலம் பிறக்கும். குரோமியம் அமர்ந்தால் சிவப்பு. டைட்டானியம் அப்படிக் கலக்காமல் ரூட்டைல் என்ற டைட்டானியம் ஆக்சைடு ஊசிகளாகப் பிரிந்து நின்றால் கல் பால்போல் மங்கிவிடும். இலங்கையில் கெவுடா என்று ஒதுக்கிய கற்கள் இவைதான். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இவற்றை மலிவாக வாங்கிப்போய், ஆக்சிஜன் குறைந்த சூளையில் 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் சுட்டார்கள். ஊசிகள் கரைந்து, டைட்டானியம் இரும்போடு சேர்ந்தது. மங்கல் கல் நீலமானது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கையடக்க உருப்பெருக்கி), கவ்வி, சிறிய டார்ச் போதும். கல்லைத் துடைத்து, கறுப்புத் தாளுக்கு மேலே பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விடுங்கள். மேலிருந்து அடித்தால் பட்டைகளின் பளபளப்பு மட்டுமே தெரியும்.

ஊசிகள் முறியாமல் நீண்டு, மூன்று திசைகளில் 60 டிகிரிக் கோணத்தில் வெட்டிக்கொண்டு, கல்லைச் சாய்க்கும்போது வானவில் நிறத்தில் மின்னினால் அது கடுஞ்சூட்டைக் காணாத கல். அதே கோடுகள் புள்ளி புள்ளியாக அறுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளிருக்கும் சிறு படிகம் உருகி வெண்மையாகி, அதைச் சுற்றி வட்டத் தகடுபோல் விரிசல் ஓடியிருந்தால் சுட்ட கல்லென்றே கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் வேறு. இலங்கை நீலங்கள் சிலவற்றில் திரவக் கார்பன் டை ஆக்சைடு அடைபட்ட சிறு குழிகள் இருக்கும். அதற்குள் ஒரு குமிழி. கல்லை உள்ளங்கையில் மூடி வைத்துச் சூடேற்றினால், 31 டிகிரியை எட்டுவதற்குள் குமிழி மறைந்துவிடும். ஆறவிடுங்கள், திரும்பி வரும். சூளையில் இந்தக் குழி வெடித்துவிடும் என்பதால், குமிழி வந்து போகும் கல் சூளைக்குப் போகாத கல். இதைக் காலைக் குளிர்ச்சியிலோ ஏசி அறையிலோ பாருங்கள். நண்பகல் வெயிலில் குமிழி ஏற்கெனவே மறைந்திருக்கும்.

சுட்ட கல் போலி அல்ல, அழகும் குறைந்ததல்ல. ஆனால் சுடாத கல்லின் விலைக்கு அதை விற்பது அநியாயம். உள்ளே எதுவுமே தென்படாத துப்புரவான கல்லுக்கும், 1,000 டிகிரிக்குக் கீழே இளஞ்சூட்டில் சுட்டதாக இருக்கக்கூடிய இளஞ்சிவப்புக் குருந்தக் கல்லுக்கும் லூப் பதில் சொல்லாது. பெரிய தொகை என்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேளுங்கள்.