கிளட்ச் வழுக்குகிறதா? பிளேட் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வத்தலக்குண்டில் பட்டறை வைத்திருப்பதால் கொடைக்கானல் மலை ஏறி இறங்கும் பைக்குகள்தான் எனக்குப் பாதி வேலை. "இன்ஜின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது, கிளட்ச் பிளேட்டை மாத்திடுங்கண்ணே" என்று வருவார்கள். கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் பிளேட் தேய்ந்தே இருக்காது. குறை வேறு எங்கோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

முதலில் கிளட்ச் கேபிள். லிவர் நுனியில் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லிவர் சும்மா ஆடும் இடைவெளி, வேண்டும். உங்கள் வண்டியின் அளவு மேனுவலில் இருக்கும். ப்ளே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால், லிவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் முழு அழுத்தத்தில் சேராது. ஓடும் நேரமெல்லாம் லேசாக வழுக்கிக்கொண்டே சூடாகும். ப்ளே அதிகமானால் நேர்மாறு: பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது, நியூட்ரல் விழாது, முதல் கியர் 'டக்' என்று குதிக்கும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், ப்ளே மாறக் கூடாது.

அடுத்தது ஆயில். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. காருக்கான ஆயில்கள் சிலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். இன்ஜினுக்கு அது நல்லதுதான். ஆனால் கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தானே! இதற்காகத்தான் ஜப்பானில் 1998-இல் ஜாசோ டி903 (JASO T903) என்ற தரம் வந்தது. பிளேட் வழுக்கும்போது எவ்வளவு உராய்வு, பிடித்த பிறகு எவ்வளவு, வழுக்கல் நிற்க எவ்வளவு நேரம் என்று மூன்றையும் அளந்து ஆயிலைப் பிரிக்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருந்தால் கியர் பைக்குக்கு ஊற்றலாம். எம்ஏ2-வில் உராய்வு கூடுதல். எம்பி (MB) என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, அதன் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. தவறான ஆயில் ஊற்றியிருந்தால் அதை வடித்து, ஃபில்டரை மாற்றி, எம்ஏ2 ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

இரண்டும் சரி, அப்புறமும் வழுக்கினால் கவரைத் திறக்கலாம். பிளேட்டுகளை எடுக்கும் வரிசையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ஒரு பிளேட்டின் உள்வட்டம் மட்டும் பெரிதாக இருக்கும்; கடைசி பிளேட்டின் காதுகள் தனிப் பள்ளத்தில் உட்காரும். மாறினால் சிக்கல்.

எல்லோரும் வெர்னியரில் கனத்தை மட்டும் அளந்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பப் போட்டுவிடுகிறார்கள். அது போதாது. பிளேட்டில் ஒட்டியிருப்பது ஒரு வகைக் காகிதம். செல்லுலோஸ், அராமிட் நார், நுண்ணிய மண்துகள் எல்லாம் ஃபீனாலிக் ரெசினில் இறுகியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. பிளேட்டுகள் நெருங்கும்போது நடுவில் உள்ள ஆயில் அந்தத் துளைகளிலும் பள்ளங்களிலும் ஒதுங்கினால்தான் பிடிப்பு வரும். லிவரைப் பாதி பிடித்தபடி, ஹாஃப் கிளட்சிலேயே ஏற்றத்தில் நின்றால் ரெசின் கருகி, வெந்த ஆயில் துளைகளை அடைத்துவிடும். ஆயில் போக இடமில்லை, வழுக்கும், இன்னும் சூடாகும். கனம் மட்டும் அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பிளேட்டை பிரேக் கிளீனரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு புது ஆயில் விடுங்கள். நல்ல பிளேட்டில் பஜ்ஜி வைத்த தாள் மாதிரி ஆயில் இறங்கிப் பரவும். கருகியதில் சொட்டு உருண்டையாக மேலேயே நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் மேற்பரப்பு கண்ணாடியாக மின்னும், தீய்ந்த வாடையும் அடிக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். மேல்மினுக்குதான் போகும், அடைப்பு உள்ளே இருக்கும்.

காகிதம் ஒட்டிய பிளேட்டுகளுக்கு நடுவே வரும் ஸ்டீல் பிளேட்டில் நீலத் திட்டு இருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. தடிமனான கண்ணாடி மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 மி.மீ.க்கு மேல் வளைவு பல வண்டிகளில் ஆகாது. கிளம்பும்போது வண்டி உதறுவதற்கு இந்த வளைவும் ஒரு காரணம். ஸ்பிரிங் நீளத்தையும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். பிளேட்டுகள் உட்காரும் கூடையான ஹவுசிங்கின் விரல்களில் நகத்தை ஓட்டினால் பிளேட்டின் காதுகள் குத்திய பள்ளம் தட்டுப்படும். லேசானதை அரத்தால் சமப்படுத்தலாம், ஆழமென்றால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும்.

புது பிளேட்டை இன்ஜினில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் முதல்நாள் இரவே ஊறவையுங்கள். உலர்வாகப் போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகலாம். ஸ்டீல் பிளேட்டுகளின் கூர்விளிம்பு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் கேட்கும்; வேகத்தில் இறுக்கினால் போல்ட் ஏறும் அலுமினியத் தூண் உடைந்து கையோடு வரும்.

மலையில் வண்டிகள் தேங்கி நின்றால் பிரேக்கைப் பிடித்து நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், ஹாஃப் கிளட்சில் தாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். பிளேட் தேயத் தேய லிவர் ப்ளே குறையும். அதனால் புது பிளேட் போட்ட 500 கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் லிவர் ப்ளேயைத் திரும்ப அளந்து சரிசெய்து வையுங்கள்.